செம்புக்கு ஒரு விலை

பிரிட்ஜ் மிதக்கும் என்று எனக்குத் தெரிந்தது 2024 டிசம்பர் முதல் தேதி காலையில்தான். புதுச்சேரி ரெயின்போ நகரில் என் தங்கை வீட்டுக் கூடத்தில் இடுப்பளவுத் தண்ணீர். அதில் அவளுடைய இரட்டைக் கதவு பிரிட்ஜ் மல்லாந்து கிடந்தது. சுவரில் மெல்ல இடித்து, திரும்பி, சாப்பாட்டு மேசையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. பிரிட்ஜின் இரட்டைச் சுவருக்குள் அடைத்திருக்கும் நுரைதான் காரணம். குளிரை வெளியே விடாமல் காத்த அந்த நுரை, வெள்ளத்தில் பிரிட்ஜைத் தெப்பமாக்கிவிடுகிறது. வாஷிங் மெஷின் மட்டும் வைத்த இடத்திலேயே மூழ்கிக் கிடந்தது. சுழலும்போது ஆடாமல் இருப்பதற்காக அதற்குள் கான்கிரீட் கட்டி வைத்திருப்பார்கள்.

முந்தின இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. கரையேறிய புயல் உள்ளே போயிருக்க வேண்டும். இது போகவில்லை, ஊருக்கு மேலேயே நின்று கொட்டியது. ஒரு நாளில் 46 சென்டிமீட்டருக்குக் குறையாத மழை. கிருஷ்ணா நகரில் ராணுவத்தினர் வந்து ஆட்களை மீட்டார்கள். உயிர் பிழைத்தவர்கள் மறுபடி வீட்டுக்குள் காலெடுத்து வைத்தபோது முதலில் தட்டுப்பட்டவை இந்தப் பெரிய பெட்டிகள்தான். கவிழ்ந்தும் சரிந்தும், கதவு திறந்து வாய் பிளந்தும் கிடந்தன.

தண்ணீர் வடிந்த பிறகு தெருவின் இரு பக்கமும் வீட்டுச் சாமான்கள் வெளியே வந்து நின்றன. மெத்தை, சோபா, பிள்ளைகளின் பாடப்புத்தகம் எல்லாம் ஒரே சேற்று நிறம். நடுநடுவே பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், இன்வெர்ட்டர், அதன் பேட்டரி. ஒவ்வொரு குடும்ப அட்டைக்கும் 5,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. தங்கை கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரு பிரிட்ஜில் பாதிகூட வராது. ஆனால் அன்றைக்கு அவளுடைய கவலை புதியது வாங்குவதில் இல்லை. "இத முதல்ல யாராவது எடுத்துக்கிட்டுப் போனா போதும்ணா" என்றாள். வாசலில் கிடந்த அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அந்த இரவு திரும்ப வந்துகொண்டிருந்தது.

மூன்று சக்கர வண்டியோடு காயலான் கடைக்காரர் வந்தார். அவருடைய வேலையை அன்றைக்குத்தான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பக்கத்து வீட்டு வாஷிங் மெஷினைக் குப்புறத் தள்ளி, அடியில் கைவிட்டு, மோட்டாரின் கம்பிச் சுற்றை ஒரு சின்னக் கத்தியால் சுரண்டினார். செம்பு நிறப் பூச்சு உரிந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது.

"அலுமினியம் சார். மேல கலருதான் செம்பு. இதுக்குத் தனியா காசு வராது, எல்லாம் இரும்பு எடைக்குத்தான்."

தங்கையின் பிரிட்ஜுக்கு வந்தார். கம்ப்ரசர் கம்பெனியில் வந்ததா, இடையில் மாற்றியதா என்று கேட்டார். எழுநூறு என்றார். தங்கை ஆயிரம் கேட்டாள். தொள்ளாயிரத்தில் படிந்தது. வண்டியில் இடம் பத்தாது என்பதால் கம்ப்ரசரை அங்கேயே கழற்றத் தொடங்கினார். கட்டிங் பிளேயரால் பின்பக்கத்துச் சன்னக் குழாயை நறுக்கினார். 'புஸ்' என்று சீறியது. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, மூச்சை அடக்கி, அந்தச் சத்தம் ஓயும்வரை காத்திருந்தார். பிறகு கொஞ்சம் எண்ணெய் தெருவில் ஒழுகியது. இப்போது வருகிற பிரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன், சமையல் வாயுவுக்குப் பங்காளி. பக்கத்தில் யாரும் பீடி பற்றவைத்திருக்கவில்லை.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் எனக்குள் தங்கிவிட்டது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனையோ ஆயிரம் பிரிட்ஜ்களை நறுக்கிப் பழகிய உடம்புக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரிகிறது. தொள்ளாயிரத்துக்குப் பேரம் பேசிய அந்தப் பத்து நிமிடத்தில் செம்பைப் பற்றிப் பேசினோம், இரும்பைப் பற்றிப் பேசினோம். அந்தச் சீறலைப் பற்றி இரண்டு தரப்பும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதையும் சேர்த்துத்தான் அவர் எடுத்துக்கொண்டார். நாங்களும் சேர்த்துத்தான் கொடுத்தோம். விலை மட்டும் செம்புக்கு.

நம் வீடுகளில் எந்தப் பொருளுக்கும் போகிற வழி என்று ஒன்று இருந்தது. பழைய பாயும் துடைப்பமும் முறமும் போகியன்று வாசலில் எரியும். விரிசல் விட்ட மண்சட்டி செடிக்குத் தொட்டியாகும், பிறகு மண்ணாகும். கிழிந்த துணி கரித்துணியாகும். கண்ணாடி உடைந்த சாமிப் படத்தைக் குப்பையில் போட மனம் வராது. அரச மரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவோம். பழைய பட்டுப்புடவை வாங்குகிறவர் தெருவில் கூவிக்கொண்டு போவார். அவர் அதை எரித்துச் சரிகையின் வெள்ளியை எடுப்பார் என்று தெரிந்தே அம்மா தன் கூறைப்புடவையைக் கொடுத்தாள். நான் சின்னப் பையனாக இருந்தபோது இரும்புக்கும் ஈயத்துக்கும் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கிடைத்தது. காயலான் என்ற பெயரே காயல்பட்டினத்தாரிடமிருந்து வந்தது என்பார்கள். எப்படியோ, பொருள் போவதற்கு ஒரு ஆளும் ஒரு கூவலும் ஒரு நாளும் இருந்தன. ஓடாத பிரிட்ஜுக்கும் படம் தெரியாத டி.வி.க்கும் அப்படி ஒன்றும் அமையவில்லை. அவை எரியாது, மட்காது, அரச மரத்தடியில் வைக்க முடியாது. அதனால் வீட்டிலேயே இருக்கின்றன.

எங்கள் பழைய வீடு தமிழர் பகுதியில், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே. திண்ணையும் தாழ்வாரமும் நடுமுற்றமும் உள்ள வீடு. அதன் பின்தாழ்வாரத்தில் அம்மாவின் பிரிட்ஜ் பதின்மூன்று ஆண்டு நின்றது. 1994-இல் வாங்கியது, ஒற்றைக் கதவு, 165 லிட்டர். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்து, ஊர் முழுக்க மின்கம்பங்கள் சாய்ந்து, நாள்கணக்கில் இருட்டில் கிடந்தோம். மின்சாரம் வந்த நிமிடத்தில் மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் அது நின்றுபோனது. மெக்கானிக் பார்த்துவிட்டு கம்ப்ரசர் போய்விட்டது என்றார். அம்மா அதைத் தூக்கிப்போட விடவில்லை. எலி நுழையாத பீரோ அது. துவரம்பருப்பு, உளுந்து, வற்றல் மிளகாய், ரேஷன் கார்டு, எல்.ஐ.சி. ரசீது எல்லாவற்றையும் அதற்குள் வைத்தாள். கதவின் ரப்பர் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆயுத பூஜைக்கு ஓடுகிற கிரைண்டருக்கும் மிக்ஸிக்கும் வைத்த கையோடு இதற்கும் சந்தனம் குங்குமம் வைப்பாள். "பதினேழு வருஷம் ஒழைச்சிருக்கில்ல" என்பாள். அம்மா போன பிறகும் அந்தப் பொட்டு கைப்பிடிக்கு மேலே காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

வைத்திருப்பதில் பாவம் இல்லை என்று நானும் நம்பினேன். யாருக்கும் தொந்தரவு இல்லை, தெருவில் போடவில்லை, உடைக்கவில்லை. அதன்மேல் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

எங்கள் தெருவில் இதைவிட நீண்ட காலம் வைத்திருந்த வீடு ஒன்று உண்டு. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா தாத்தா. ஜூலை 14 வந்தால் கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரையில் போர் நினைவிடத்துக்கு நடப்பார். எண்பதுகளின் நடுவில் பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன் ஒரு பெரிய வண்ண டி.வி. கொண்டுவந்தார். தெருவில் பலர் வீட்டில் டயனோரா, சாலிடேர் கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் மரக்கதவு சாத்திக்கொண்டு இருந்த காலம். பிள்ளைகள் எல்லாம் அவர் திண்ணையில் கூடிவிட்டோம். ஆன்டெனா மாட்டி முடுக்கினால் படச்சுருளின் நெகட்டிவ் போல ஏதோ நிழல் உருண்டது. முகம் கறுப்பு, தலைமயிர் வெளுப்பு. சத்தம் சுத்தமாக வரவில்லை.

காரணம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் விளங்கியது. பிரான்ஸ் 1967 முதல் வண்ண ஒளிபரப்புக்கு வைத்திருந்தது செக்காம் முறை. ஹென்றி தெ பிரான்ஸ் என்ற பொறியாளர் உருவாக்கியது. இந்தியா 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத்துக்கு வந்தபோது எடுத்துக்கொண்டது ஜெர்மனியில் பிறந்த பால் முறை. வண்ணத்தில் மட்டும் வேறுபாடு என்றால் கறுப்பு வெள்ளையிலாவது பார்த்திருக்கலாம். பிரான்ஸில் படத்தை அலையில் ஏற்றுகிற விதமே நமக்கு நேர்மாறு, ஒலியை ஏற்றுகிற விதமும் வேறு. மின்சாரம் ஒன்று, பிளக்கையும் மாற்றிக்கொள்ளலாம். மொழிதான் வேறாக இருந்தது. தாத்தா கோபப்படவில்லை. டி.வி.மேல் பின்னல் துணி விரித்து, தன் ராணுவப் படத்தை அதன்மேல் வைத்தார். இருபது வருடம் போல அந்தப் பெட்டி நடுக்கூடத்தில் ஒரு நாளும் படம் காட்டாமல் நின்றது. மகன் வாங்கி வந்தது என்ற ஒன்றே அதன் வேலையாக இருந்தது.

அவர் காலமாகி வீட்டை விற்றபோது அது திண்ணைக்கு வந்தது. இரண்டு நாள் யாரும் தொடவில்லை. மூன்றாம் நாள் விடியலில் பார்த்தால் பின்மூடி கழன்று, பிக்சர் டியூபின் கழுத்து முறிந்திருந்தது. அந்தக் கழுத்தைச் சுற்றித்தான் யோக் என்கிற செம்புக் கம்பிச் சுருள் இருக்கும். சுத்தியால் ஒரு தட்டு. உள்ளே வெற்றிடம் என்பதால் காற்றை விழுங்கும் ஒரு சத்தம். கழுத்து கையோடு வரும், செம்பு கிடைக்கும். மிச்சமிருந்த கண்ணாடியை யாரோ சாக்கடை ஓரமாக உருட்டிவிட்டிருந்தார்கள். பையன்கள் கல்லெறிந்து அதைத் தூளாக்கினார்கள். உட்பக்கத்தில் பளபளவென்று ஒட்டியிருந்த பொடி விரலில் ஒட்டுவதைக் காட்டிக்காட்டி ஓடினார்கள். அப்போது எனக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தது. நின்று பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது என்றே தெரியாது.

சொல்வதற்கு இருந்தது. அந்தக் கண்ணாடியின் புனல் போன்ற பின்பகுதியில் எடைக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஈயம். டியூபுக்குள் எலக்ட்ரான் பாய்ந்து மோதும்போது கொஞ்சம் எக்ஸ் கதிர் பிறக்கும். அது சுற்றி உட்கார்ந்து 'ஒளியும் ஒலியும்' பார்க்கிறவர்கள்மேல் படக்கூடாது என்பதற்காகவே கண்ணாடியில் ஈயத்தைக் கலந்தார்கள். வீட்டுக்குள் இருந்தவரை அந்த ஈயம் நமக்குக் காவல். நொறுங்கி மண்ணோடு கலந்தால் மழை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். ஈயம் போய்ச் சேரும் இடங்களில் மோசமானது குழந்தைகளின் மூளை. அங்கே அது செய்யும் கேட்டைச் சரிசெய்ய முடியாது.

அரிக்கமேடு எங்கள் ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1930களில் அந்த மேட்டில் பிள்ளைகள் பொறுக்கிவந்த மணிகளையும் கற்களையும் பார்த்துத்தான் பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ரேய் அங்கே ஒரு பழைய ஊர் புதைந்திருப்பதை உணர்ந்தார். 1945-இல் மார்டிமர் வீலர் தோண்டினார். கிடைத்தவற்றில் பெரும்பகுதி உடைந்தது, வீசியது: ரோமானிய மதுச்சாடிகளின் ஓடு, இத்தாலியத் தட்டின் சில்லு, மணி செய்து மிஞ்சிய கண்ணாடி. கடலூர் சாலையில் அந்தத் திருப்பத்தைக் கடக்கும்போதெல்லாம் சாக்கடை ஓரத்தில் டி.வி. கண்ணாடியை உடைத்து விளையாடிய எங்கள் தெருப் பையன்கள் நினைவுக்கு வருவார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தின குப்பையைக் கையில் எடுத்த பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

டி.வி. டியூபின் கண்ணாடிக்கு ஒரு காலத்தில் வாங்க ஆள் இருந்தது. பழைய டியூபை உருக்கிப் புதிய டியூப் செய்வார்கள். தட்டையான திரைகள் வந்ததும் டியூப் தொழிலே மூடிக்கொண்டது. ஈயக் கண்ணாடி அநாதையானது. எங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், விழுப்புரத்திலும் கடலூரிலும் தமிழ்நாடு முழுவதிலும், 2006-க்கும் 2011-க்கும் இடையில் அரசு ஒன்றரைக் கோடிக்கு மேல் 14 அங்குல வண்ண டி.வி.க்களை இலவசமாக வீடுகளுக்குக் கொடுத்தது. அந்தத் திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கூலிவேலைக்குப் போகிற பெண்கள் அடுத்த வீட்டு வாசலில் நின்று பார்க்க வேண்டியதில்லை என்று ஆனது சின்ன விஷயம் அல்ல. ஆனால் அத்தனை டியூபும் வீட்டுக்குள் போன வழி நமக்குத் தெரியும், புகைப்படத்தோடு தெரியும். வெளியே வந்த வழியில் ஒரு படமும் இல்லை.

புதுச்சேரிக்கு இதில் தனிப் பங்கு உண்டு. வரிச்சலுகை இருந்த காலத்தில் எச்.சி.எல்., விப்ரோ, ஏசர், லெனோவோ கணினிகள் இங்கே கோக்கப்பட்டு நாடு முழுக்கப் போயின. திருபுவனையில் வேர்ல்பூல் ஆலையில் வாஷிங் மெஷின் செய்கிறார்கள். என் கூடப்படித்தவர்களில் சிலர் ஐ.டி.ஐ. முடித்து அங்கே வரிசையில் நின்று மோட்டார் பொருத்தினார்கள். தங்கைகளுக்குக் கல்யாணம் செய்தார்கள், வீடு கட்டினார்கள். பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருந்த ஊருக்கு அது பெரிய துணை. இயந்திரத்துக்குப் பிறந்த வீடாக இருக்க இந்த ஊருக்குத் தெரிகிறது. கடைசிக் காலம் பார்க்கத் தெரியவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. மின்னணுக் கழிவுக்கான முதல் விதிகள் 2011-இல் எழுதப்பட்டு 2012 மே முதல் நடைமுறைக்கு வந்தன. 2016-இல் ஒரு முறை, 2022-இல் ஒரு முறை மாற்றி எழுதினார்கள். 2023 ஏப்ரல் முதல் இருப்பது கடைசியாக எழுதியது. 21 வகையாக இருந்த பொருள் பட்டியல் 106 ஆனது. செய்து விற்றவனே திரும்ப எடுத்துச் சரியாகக் கழிக்கவும் பொறுப்பு என்பதுதான் இவற்றின் அடிப்படை. நல்ல அடிப்படை. பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலை எவ்வளவு மீட்டெடுத்ததோ அதற்குச் சான்றிதழ் உண்டாகும். கம்பெனி அதைக் காசு கொடுத்து வாங்கித் தன் இலக்கைக் காட்டும். அந்தச் சான்றிதழ் எதை வைத்து உண்டாகிறது என்று தேடிப் படித்தேன். நான்கு உலோகங்கள்: தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு.

படித்ததும் அந்தச் சின்னக் கத்தி கண்முன் வந்தது. ஆபத்தானதைப் பத்திரமாக அகற்ற வேண்டும் என்று விதியில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் காசு ஓடுகிற கணக்கில் ஈயம் இல்லை, நுரை இல்லை, வாயு இல்லை. ரெயின்போ நகர் வாசலில் நாங்கள் பேசிய பேரத்தையே டெல்லியில் இன்னும் பெரிதாகப் பேசி எழுதி வைத்திருக்கிறார்கள். 2024-இல் இந்த வீட்டு உபயோகப் பொருள்களுக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் மறுசுழற்சியாளருக்குக் கொடுக்க வேண்டும் என்று விலை வைத்தார்கள். அதிகம் என்று பெரிய கம்பெனிகள் டெல்லி உயர் நீதிமன்றம் போயின. நாற்பது கிலோ பிரிட்ஜுக்கு அந்தக் கணக்கில் 880 ரூபாய் வருகிறது. தங்கை பேரம் பேசி வாங்கிய தொள்ளாயிரத்துக்கு இருபது ரூபாய் குறைவு. அதாவது கம்பெனி கொடுக்க மாட்டேன் என்று வழக்காடிய தொகையை மூன்று சக்கர வண்டிக்காரர் தன் மடியிலிருந்து எடுத்து எங்களுக்குக் கொடுத்தார். அதை ஈடுகட்ட அவருக்கு இருக்கும் ஒரே வழி, வேகமாக உடைத்து, செம்பை எடுத்து, மற்றதைக் கண்மறைவாக விடுவது.

பாரிஸ் புறநகரில் இருக்கும் என் அத்தை மகன் பிரிட்ஜ் வாங்கிய பில்லை எனக்கு அனுப்பினார். விலைக்குக் கீழே தனி வரியாகச் சில யூரோ. பழையதைக் கழிப்பதற்கான பங்கு. 2006 நவம்பரிலிருந்து அங்கே அப்படி. புதியதை இறக்க வந்தவர்களே பழையதை ஏற்றிக்கொண்டு போனார்களாம். ஜப்பானில் 2001 முதல் டி.வி., பிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏ.சி. இந்த நான்கையும் கழிக்கிறவர் அந்த நேரத்தில் கட்டணம் கட்ட வேண்டும். அங்கே எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று சொல்லவரவில்லை. 2022-இல் உலகம் வீசிய மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேர்த்து மறுசுழற்சி செய்தது 22.3 விழுக்காடுதான். பாரிஸிலேயே 1884-இல் யூஜின் புபெல் என்ற நிர்வாக அதிகாரி வீட்டுக்கு வீடு குப்பைத்தொட்டி வைக்கச் சொன்னபோது எதிர்த்து நின்றவர்களில் தெருக்குப்பையைப் பொறுக்கி வாழ்ந்த கந்தல்காரர்களும் உண்டு. தொட்டிக்கு அந்த அதிகாரியின் பெயரையே பிரெஞ்சுக்காரர்கள் வைத்தார்கள். கந்தல்காரர்களில் ஒருவர் பெயரும் எதற்கும் வைக்கப்படவில்லை. எங்கள் ஊரில் என்ன முறை வந்தாலும் அந்த மூன்று சக்கர வண்டிக்கு அதில் இடம் இருக்க வேண்டும் என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரிகிறது. அவர் கத்திக்குத் தெரிந்தது எந்த அதிகாரிக்கும் தெரியாது. கையுறையும் கருவியும் கூலியும் அவருக்குப் போக வேண்டும்.

வீட்டை விட்டுப் போகிற பொருளோடு காசும் போவதா என்று நம் மனம் கேட்கும். நானும் கேட்டுப் பார்த்தேன். ஆனால் நமக்கு இது தெரியாத வழக்கம் இல்லை. சாவு விழுந்த வீட்டில் எவ்வளவு வறுமை இருந்தாலும் வெட்டியானுக்குக் கூலி கொடுக்காமல் யாரும் சுடுகாட்டைவிட்டு வருவதில்லை. அந்த வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டியது நம் கொடுமை. அதைச் சொல்லாமல் இந்த வரியை எழுத முடியாது. கொடுத்த கூலியும் பிச்சைபோலத்தான் கொடுத்தோம். இருந்தாலும் பிணத்தை எடுக்கிறவர் நமக்குப் பணம் தர வேண்டும் என்று எவரும் எதிர்பார்த்ததில்லை. பதினேழு வருடம் உழைத்த இயந்திரத்தை எடுக்க வருகிறவரிடம் மட்டும் கை நீட்டுகிறோம்.

போன மாசியில் பழைய வீட்டை ஒழுங்குபடுத்த வேண்டி வந்தது. அம்மாவின் பிரிட்ஜை அனுப்புவது என்று முடிவு செய்தேன். இந்த முறை முதலில் மெக்கானிக்கைத் தேடினேன். 1994 பிரிட்ஜ் என்றால் உள்ளே இருப்பது ஆர்-12. ஓசோனை அரிக்கும் குளோரோபுளோரோகார்பன். 1987 மான்ட்ரியல் உடன்பாட்டின்படி உலகம் கைவிட்டது, இந்தியா 2010-க்குள் உற்பத்தியை நிறுத்தியது. வீட்டு பிரிட்ஜில் ஏறத்தாழ நூறு கிராம் இருக்கும். பூமியைச் சூடாக்குவதில் அந்த நூறு கிராம் ஒரு டன் கரியமிலவாயுவுக்குச் சமம்; ஸ்கூட்டரில் இருபதாயிரம் கிலோமீட்டர் ஓட்டுவதுபோல. அதைச் சிலிண்டரில் உறிஞ்சி எடுக்கும் கருவி வைத்திருப்பவர் வேண்டும். விசாரித்த பலரும் "அத யாரு சார் புடிக்கிறா, வெளிய உட்டுட்டுதான் வேலையே பாப்போம்" என்றார்கள். கடைசியில் பெரிய ஏ.சி. வேலைகள் செய்யும் ஒருவர், கூலி பேசிக்கொண்டு, கருவியோடு வந்தார்.

பிரிட்ஜுக்குள்ளிருந்த பருப்பு டப்பாக்களை எடுத்து வைத்தேன். அவர் அதை இழுத்து முற்றத்து வெளிச்சத்தில் திருப்பினார். குழாயில் வால்வைப் பொருத்தி, கேஜை மாட்டித் திறந்தார். முள் அசையவில்லை. கேஜ் பழுதோ என்று தட்டிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, டார்ச் அடித்து, பின்பக்கத்துக் கறுப்புக் குழாய் வரிசையை விரலால் தடவிக்கொண்டே போனார். கீழிருந்து மூன்றாவது வளைவில் நின்றார். துரு பொரிந்து செதிலாகக் கையோடு வந்தது. அதன் நடுவில் கடுகளவுகூட இல்லாத ஓட்டை.

"உப்புக் காத்து சார். இது போயி ரொம்ப வருஷம் ஆச்சு."

எப்போது என்று கேட்டேன். யாருக்குத் தெரியும் என்றார். நாங்கள் பத்திரமாக வைத்திருந்த பதின்மூன்று வருடத்தில் ஏதோ ஒரு நாள். அம்மா உளுந்து எடுக்கக் கதவைத் திறந்த ஏதோ ஒரு காலையில், சீறல்கூட இல்லாமல், முற்றத்து வழியாக மேலே போயிருக்கிறது.

மறுநாள் காயலான் கடைக்காரரை வரச் சொன்னேன். ரெயின்போ நகருக்கு வந்த அதே ஆள்தான். பிரிட்ஜைச் சுற்றி வந்தார். சந்தனப் பொட்டைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கி, "தொடச்சிடட்டா சார்?" என்று கேட்டார். தலையாட்டினேன். ஈரத்துணியால் துடைத்தார். கம்ப்ரசர் பழைய மாடல், கனமானது, நல்ல செம்பு என்று அறுநூறு நீட்டினார். நுரையை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"எரிச்சிடுவோம் சார். இல்லன்னா குருமாம்பேட்டு குப்பைக்கிடங்குக்குப் போவும்."

அந்த நுரையை ஊதி உப்பவைத்ததும் அதே குலத்து வாயுதான். அது இன்னும் அதற்குள் இருந்தது. நான் அறுநூறை வாங்கவில்லை. அது நுரைக்கு, உடைக்காமல் எரிக்காமல் பெரிய துண்டாக எடுத்துக் கட்டிக் கொடுத்தால் மேலும் கொடுக்கிறேன், எங்கே சேர்ப்பது என்று நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் என் முகத்தையும் பிரிட்ஜையும் மாறி மாறிப் பார்த்தார். பணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"சாக்கு இருந்தா நாலு கொடுங்க சார்" என்றார்.